‘என்ன ஆளுங்க?’ என்று கேட்கும் சிறை



இந்த நினைவுச் சொற்பொழிவை எனக்கு முன்னால் நிகழ்த்தியவர்கள் எழுத்தாளர்கள், ஆய்வாளர்கள். நான் வழக்கறிஞர். அதுவும் பெரிய வழக்குகளில் வாதாடிப் பெயர் வாங்கியவன் அல்ல. மாஜிஸ்திரேட் கோர்ட்டிலும் சிறை வாசலிலும் பொழுதைக் கழித்தவன். இலக்கிய மேடையில் எனக்கு என்ன வேலை என்று அமைப்பாளர்களிடம் கேட்டேன். “ஆசிரியர் உங்களுக்கு ஒரு புத்தகம் கொடுத்ததாகச் சொல்வீர்களே, அதைப் பற்றிப் பேசுங்கள்” என்றார்கள். அந்தப் புத்தகத்தைப் பற்றியே பேசுகிறேன். ஆனால் அதன் இலக்கியத் தரத்தைப் பற்றி அல்ல. அதை எழுதியவன் தொடங்கிய அமைப்பு பிற்பாடு என்ன ஆனது என்பதைப் பற்றி.

யாருடைய நினைவில் இங்கே கூடியிருக்கிறோமோ அந்த ஆசிரியரை உங்களில் பலர் அறிவீர்கள். சேரியில் இரவுப் பள்ளி நடத்தியவர். பகலில் அரசுப் பள்ளி வாத்தியார், சாயங்காலம் ஊருக்கெல்லாம் மனு எழுதுபவர். அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக யார் வந்தாலும் பெயரைக் கேட்பார், என்ன படிக்கிறாய் என்று கேட்பார். ‘ஊரில் எந்தத் தெரு?’ என்று மட்டும் கேட்கவே மாட்டார். நம் பக்கத்தில் தெருவைக் கேட்பது எதைத் தெரிந்துகொள்வதற்கு என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான் சட்டக் கல்லூரியில் சேர்ந்தபோது அவர் கொடுத்தது ஆங்கிலத்தில் இருந்த ஒரு ஜெராக்ஸ் கட்டு. ஜார்ஜ் ஜாக்சன் என்ற அமெரிக்கக் கறுப்பினக் கைதி சிறையிலிருந்து எழுதிய கடிதங்கள். 1970-இல் ‘சோலடாட் பிரதர்’ என்ற பெயரில் வந்த நூல்.

ஜாக்சன் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1941-இல் பிறந்தவன். பதினெட்டு வயதில் லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு பெட்ரோல் பங்கில் 70 டாலர் கொள்ளை போன வழக்கில் பிடிபட்டான். தண்டனை என்ன தெரியுமா? ‘ஓராண்டு முதல் ஆயுள் வரை’. எப்போது விடுவது என்பது அதிகாரிகளின் இஷ்டம். கலிபோர்னியாவில் அப்போது அப்படி ஒரு தண்டனை முறை இருந்தது. அவனை விடவே இல்லை. பதினோரு ஆண்டுகள் உள்ளேயே இருந்தான். அதில் பெரும்பகுதி தனிமைச் சிறை. அங்கேதான் மார்க்ஸைப் படித்தான், ஃபனானைப் படித்தான். 1966-இல் சான் க்வென்டின் சிறையில் கறுப்பினக் கைதிகளை ஒன்றாகத் திரட்டி ஓர் அமைப்பைத் தொடங்கினான். ‘பிளாக் கெரில்லா ஃபேமிலி’, கறுப்பின கெரில்லாக் குடும்பம் என்பது அதன் பெயர். வெள்ளைக் காவலர்களிடமிருந்தும் வெள்ளைக் கைதிக் கும்பல்களிடமிருந்தும் கறுப்பினக் கைதியின் உயிரைக் காப்பது, அவனைப் படிக்க வைப்பது, புரட்சிக்குத் தயாராக்குவது. இவைதான் நோக்கம்.

அந்தத் தேவை கற்பனையானது அல்ல. 1970 ஜனவரியில் சோலடாட் சிறையில் கறுப்பினக் கைதிகளையும் வெள்ளைக் கைதிகளையும் ஒரே நேரத்தில் ஒரு முற்றத்தில் திறந்துவிட்டார்கள். அடிதடி மூண்டது. கோபுரத்தில் நின்ற வெள்ளைக் காவலர் சுட்டார். மூன்று பேர் செத்தார்கள். மூவரும் கறுப்பினத்தவர்கள். அதை நியாயமான கொலை என்று முடித்துவிட்டார்கள். சில நாட்களில் ஒரு வெள்ளைக் காவலர் மாடியிலிருந்து தள்ளிக் கொல்லப்பட்டார். அந்த வழக்கில்தான் ஜாக்சனும் வேறு இருவரும் சேர்க்கப்பட்டார்கள். 1971 ஆகஸ்ட் 21 அன்று சான் க்வென்டினில் ஜாக்சன் சுட்டுக் கொல்லப்பட்டான். அன்று மூன்று காவலர்களும் இரண்டு வெள்ளைக் கைதிகளும் கொல்லப்பட்டார்கள். இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அவனைப் புனிதனாக்குவதற்கு நான் இங்கே வரவில்லை.

அந்த ஜெராக்ஸைப் படித்துவிட்டு ஒரு வாரம் தூங்கவில்லை. 1972-இல் பம்பாயில் நாம்தேவ் தசாலும் தோழர்களும் ‘தலித் பேந்தர்ஸ்’ என்று பெயர் வைத்தபோது எந்த நெருப்பிலிருந்து எடுத்து வைத்தார்கள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இனி மறுபாதிக்கு வருகிறேன்.

2013 ஏப்ரலில், அமெரிக்காவின் இன்னொரு கோடியில், பால்டிமோர் நகரச் சிறையில் நடந்ததைப் பற்றி மத்திய அரசு வழக்கறிஞர்கள் ஒரு குற்றப்பத்திரிகை வைத்தார்கள். முதலில் 25 பேர், பிறகு 44 பேர் வரை போனது. அதில் 40 பேர் குற்றவாளிகள் என்று முடிந்தது. கஞ்சா, வலி மாத்திரைகள், செல்போன்கள் எல்லாம் சிறைக்குள் வரும். கைதிகளுக்கு விற்கப்படும். பணம் எப்படிக் கைமாறும்? வெளியில் இருக்கும் உறவினர் கடையில் ஒரு ப்ரீபெய்டு கார்டு வாங்குவார். அதன் பதினான்கு இலக்க எண்ணைச் செல்போனில் உள்ளே சொல்வார். அந்த எண்தான் ரூபாய் நோட்டு. இந்தச் சரக்கைச் சுமந்து வந்தவர்கள் யார்? முதல் குற்றப்பத்திரிகையிலேயே சிறையின் பெண் காவலர்கள் 13 பேர் இருந்தார்கள். கும்பலின் தலைவன் விசாரணைக் கைதி. அவனால் நான்கு பெண் காவலர்கள் கருவுற்றார்கள். பத்திரிகைகள் அதைத்தான் வாரக்கணக்கில் எழுதின. இது என் சிறை என்று அவன் போனில் பெருமை பேசியதும் ஒட்டுக்கேட்பில் பதிவாகியிருந்தது.

அந்தக் கும்பலின் பெயர் பிளாக் கெரில்லா ஃபேமிலி.

ஜார்ஜ் ஜாக்சன் தொடங்கியது. அதே பெயர். அதே சபதம். ஆண்டுதோறும் ஆகஸ்டில் அவனை நினைவுகூரும் வழக்கம்கூட இருந்தது. 2009-இல் இதே மேரிலாந்து மாநிலத்தில் இதே கும்பலின் மீது வேறொரு வழக்கு. அதில் தலைவர்களில் ஒருவர் சிறையிலிருந்தபடியே ஒரு புத்தகம் வெளியிட்டிருந்தார். கறுப்பினக் குடும்பங்களையும் சமூகத்தையும் வலிமைப்படுத்துவது எப்படி என்று. கல்வியாளர்கள் சிலரே அதைப் பாராட்டியிருந்தார்கள். அதே காலத்தில் உள்ளே சால்மன் மீனும் உயர்ரக வோட்காவும் வந்துகொண்டிருந்தன என்றது அரசுத் தரப்பு. காசு கொடுத்தது யார்? மாத்திரைக்கு அடிமையான கறுப்பினக் கைதிகள். அவர்களுடைய அம்மாக்கள். அக்கா தங்கைகள்.

இதற்கு முன்பே இன்னொன்றும் நடந்துவிட்டது. பிளாக் பேந்தர் கட்சியைத் தொடங்கிய இருவரில் ஒருவர் ஹியூயி நியூட்டன். 1989 ஆகஸ்ட் 22 அன்று ஓக்லாந்து நகரத் தெருவில் அவரைச் சுட்டுக் கொன்றவன் போதைப்பொருள் விற்கும் ஓர் இளைஞன். பிளாக் கெரில்லா ஃபேமிலியைச் சேர்ந்தவன். நியூட்டனே அப்போது கொக்கைனுக்கு அடிமையாகியிருந்தார். ஜாக்சன் செத்துப் பதினெட்டு ஆண்டுகளும் ஒரு நாளும் ஆகியிருந்தது.

சீரழிந்துவிட்டார்கள், துரோகம் செய்துவிட்டார்கள் என்று சொல்லி முடித்துவிடலாம். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் நினைத்தேன். இப்போது அது போதாது என்று நினைக்கிறேன். ஏனென்றால் அங்கே சீரழிந்தது கறுப்பினக் கும்பல் மட்டும் அல்ல. வெள்ளையர்களுக்கு ஆரியன் பிரதர்ஹுட் இருந்தது. மெக்சிக வம்சாவளியினருக்கு மெக்சிகன் மாஃபியா இருந்தது. அதற்கு எதிராக வடக்குப் பகுதி மெக்சிக வம்சாவளியினர் தொடங்கிய நுயெஸ்ட்ரா ஃபமிலியா இருந்தது. வேறு வேறு கொள்கை, வேறு வேறு நிறம். வந்து நின்ற இடம் ஒன்றே: சிறைக்குள் இருந்தபடி வெளியே போதைப்பொருள் வியாபாரத்தை ஆள்வது. அப்படியானால் காரணம் ஆளிடம் இல்லை, இடத்தில் இருக்கிறது.

1950-களுக்கு முன்னால் கலிபோர்னியச் சிறைகளில் இப்படிப்பட்ட கும்பல்களே கிடையாது. முதலாவதான மெக்சிகன் மாஃபியா 1957-இல் டிரேசி என்ற ஊரில் இளங்குற்றவாளிகளை வைத்திருந்த சிறையில் பிறந்தது. அதற்கு முன்பு எப்படி வாழ்ந்தார்கள்? கைதிகளுக்குள் எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. காட்டிக் கொடுக்காதே, கடனை அடை, அடுத்தவன் விஷயத்தில் தலையிடாதே. ஒருவரை ஒருவர் அறிந்த சின்னக் கூட்டத்தில் அது போதும். டேவிட் ஸ்கார்பெக் என்ற ஆய்வாளர் 2014-இல் வெளியிட்ட நூலில் இதைத்தான் காட்டுகிறார். கூட்டம் பெருகியது, முகம் தெரியாதவர்கள் குவிந்தார்கள், யாரை நம்புவது என்று தெரியாமல் போனது. அப்போது ஆளை ஆள் நம்புவதற்குப் பதிலாக, இவன் எந்தக் கும்பல் என்று பார்த்து நம்ப ஆரம்பித்தார்கள். ஒருவன் கடனை அடைக்கவில்லை என்றால் அவன் கும்பல் பொறுப்பு. ஒருவன் அடிபட்டால் அவன் கும்பல் திருப்பி அடிக்கும். நம் ஊர்ப் பஞ்சாயத்தில் ஒருவன் தப்புக்குத் தெருவே அபராதம் கட்டுவதில்லையா, அது மாதிரி.

எழுபதுகளின் நடுவில் கலிபோர்னியச் சிறைகளில் சுமார் 20,000 பேர். 2006-இல் 1,70,000-க்கு மேல். 2011-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதில் தலையிட வேண்டி வந்தபோது, 80,000 பேருக்குக் கட்டிய இடத்தில் ஏறக்குறைய இரண்டு மடங்கு பேர் இருந்தார்கள். அந்த மாநில மக்கள்தொகையில் கறுப்பினத்தவர் நூற்றுக்கு ஆறு பேர். சிறையில் நூற்றுக்கு முப்பதை நெருங்கும்.

இப்போது வியாபாரத்துக்கு வருவோம். நான்கு சுவருக்குள் பூட்டிக் கிடப்பவன், வெளியே சுதந்திரமாகத் திரிபவனிடம் எப்படி வரி வாங்க முடியும்? அவனுக்குப் பயந்து எதற்கு வெளியில் இருப்பவன் பணம் கொடுக்க வேண்டும்? ஆரம்பத்தில் எனக்கு இது புரியவே இல்லை.

பதில் எளிது. தெருவில் பொட்டலம் விற்கும் எவனுக்கும் ஒன்று நிச்சயமாகத் தெரியும்: இன்றைக்கு இல்லாவிட்டாலும் நாளைக்கு நான் உள்ளே போவேன். தெற்குக் கலிபோர்னியாவில் மெக்சிக வம்சாவளியைச் சேர்ந்த பையன் பிடிபட்டால் அவனை எங்கே அடைப்பார்கள் என்பதும் தெரியும். மெக்சிகன் மாஃபியாவின் சொல் செல்லும் இடத்தில்தான். அவன் தெருக் கும்பல் வரி கட்டாமல் இருந்தால் முதல் நாளே கத்திக்குத்து விழும். கட்டியிருந்தால் பாதுகாப்பு. ஆகவே கட்டுகிறான். இது கப்பம் மட்டும் இல்லை, இன்சூரன்ஸும்கூட. சில நூறு உறுப்பினர்கள் மட்டுமே உள்ள ஒரு கும்பல், லாஸ் ஏஞ்சல்ஸின் எத்தனையோ ஆயிரம் பேரை ஆள முடிந்தது இதனால்தான். 1993 செப்டம்பரில் அந்த நகரத்தின் எலிசியன் பூங்காவில் பல நூறு தெருக் கும்பல்காரர்களைக் கூட்டி, ஓடும் காரிலிருந்து சுடுவதை நிறுத்த வேண்டும் என்று உத்தரவு போட்டது. அரசாங்கத்தால் முடியாததைச் சிறைக்குள் இருந்தவர்கள் செய்தார்கள் என்று சிலர் வியந்தார்கள். சுடுவது நின்றால் போலீஸ் தொல்லை குறையும், வசூல் ஒழுங்காக நடக்கும். விஷயம் அவ்வளவுதான். ரகசியம் பேசுவதற்கு அவர்களில் சிலர் நஹுவாட் மொழிச் சொற்களைக் கற்றுக்கொண்டார்கள். ஸ்பானியர்கள் வந்து அழித்த அஸ்டெக் மக்களின் மொழி அது. முன்னோர் மொழி மீட்பு கடைசியில் போய்ச் சேர்ந்த இடத்தைப் பாருங்கள்.

செய்தி உள்ளேயும் வெளியேயும் போக ஒரு காலத்தில் துண்டுச் சீட்டும் மனைவிமார்களும் போதும். பிறகு செல்போன் வந்தது. கலிபோர்னியச் சிறைகளில் 2007-இல் பிடிபட்டவை சுமார் 1,400 செல்போன்கள். 2010-இல் 10,000-க்கு மேல். பெயர்பெற்ற கொலைகாரன் சார்லஸ் மேன்சன் மெத்தைக்கு அடியிலேயே ஒன்று கிடைத்தது. பறந்து வந்ததா? மாநிலத்தின் கண்காணிப்பு அதிகாரி 2009-இல் வெளியிட்ட அறிக்கையில் ஒரு சிறைக் காவலரின் வாக்குமூலம் இருக்கிறது. ஒரே ஆண்டில் செல்போன் கடத்தி அவர் சம்பாதித்தது சுமார் 1,50,000 டாலர். வேலை போனது, வழக்கு இல்லை. ஏனென்றால் சிறைக்குள் செல்போன் கொண்டுபோவது அப்போது குற்றமாகவே இல்லை. 2011-இல்தான் அதற்குச் சட்டம் வந்தது. அப்படியானால் வேலைக்கு வரும் காவலர்களை வாசலில் சோதித்துவிடலாமே என்று பேச்சு எழுந்தபோது, ஷூவைக் கழற்றிப் பூட்டிக்கொண்டு நடக்கிற அந்தச் சில நிமிடங்களுக்கும் சம்பளம் கொடுக்க வேண்டும், அது பல மில்லியன் டாலர் ஆகும் என்று கணக்குக் காட்டினார்கள். பார்க்க வரும் அம்மாவைச் சோதிக்கும் நேரத்துக்கு யாரும் கணக்குப் போடவில்லை.

செல்போன் வைத்திருந்தவர்கள் எல்லாரும் வியாபாரிகள் அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். சிறை டெலிபோனில் பேசக் கட்டணம் கொள்ளையாக இருந்தது. பிள்ளையிடம் பேசுவதற்காகத் திருட்டுப் போன் வாங்கியவர்கள் எத்தனையோ பேர். 2023-இல்தான் கலிபோர்னியா அந்தக் கட்டணத்தை நீக்கியது. தகப்பனின் ஆசைதான் கும்பலின் முதலீடு. போனை வாடகைக்கு விடுவான், கடன் ஏறும், கடனை அடைக்க ஒரு வேலை சொல்வான்.

இனி நமக்கு மிக நெருக்கமான இடத்துக்கு வருகிறேன். கலிபோர்னியச் சிறையில் முன்பெல்லாம் ஒருவன் புதிதாக வந்தால் என்ன செய்வார்கள்? அவன் நிறத்தைப் பார்த்து, அதே நிறத்தவனோடு அடைப்பார்கள். கறுப்பனோடு கறுப்பன், வெள்ளையனோடு வெள்ளையன். மெக்சிக வம்சாவளி என்றால் வடக்கா தெற்கா என்றும் பார்ப்பார்கள். முதல் அறுபது நாள் வரை இப்படி. ஒவ்வொரு முறை சிறை மாற்றும்போதும் மறுபடி இப்படி. காரணம் கேட்டால், கலந்து அடைத்தால் கும்பல் சண்டை வரும் என்பார்கள். 1987-இலிருந்து இப்படி மாறி மாறி அடைக்கப்பட்ட காரிசன் ஜான்சன் என்ற கறுப்பினக் கைதி வழக்குப் போட்டார். 2005-இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு மூன்று என்ற கணக்கில் அவர் பக்கம் நின்றது. சிறையானாலும் நிறப்படி பிரிப்பதைச் சாதாரணமாக ஏற்க முடியாது, மிகக் கடுமையான சோதனைக்கு உட்படுத்தியே பார்க்க வேண்டும் என்றது. எதிர்த்து எழுதியவர்களில் ஒருவர் அந்த நீதிமன்றத்தில் அப்போதிருந்த ஒரே கறுப்பின நீதிபதி. நமக்கு அதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது?

சண்டை வரும் என்பது பொய் அல்ல. உண்மையிலேயே வரும். ஆனால் பிரித்து அடைத்த நாளிலேயே அரசாங்கம் அந்தப் பையனிடம் ஒன்றைச் சொல்லிவிடுகிறது: உன்னைக் காப்பாற்ற வேண்டியவன் நான் அல்ல, உன் ஆட்கள்தான். அதன் பிறகு அவன் ஆட்கள் அவனிடம் எதைக் கேட்டாலும் மறுப்பதற்கு அவனுக்கு வழி இல்லை. கும்பலுக்கு ஆள் சேர்த்துக் கொடுத்தது அடைத்துவைத்தவர்களின் பதிவேடு. ஜாக்சனின் அமைப்பு சீரழிந்ததும் இப்படித்தான் என்று நினைக்கிறேன். உயிரைக் காக்க வந்த அமைப்பு, உயிரைக் காப்பதற்குக் கட்டணம் வாங்கும் இடத்தில் வைக்கப்பட்டது. தலைவன் செத்தான், கொள்கை கரைந்தது, கட்டணம் மட்டும் தங்கியது.

அரசாங்கம் கண்ட தீர்வு தனிமைச் சிறை. 1989-இல் ஓரிகான் எல்லைக்குப் பக்கத்தில் பெலிக்கன் பே என்ற சிறையைத் திறந்தார்கள். ஜன்னல் இல்லாத அறை, நாளில் இருபத்திரண்டு மணி நேரத்துக்கு மேல். கும்பல்காரன் என்று முத்திரை விழுந்தால் போதும், காலவரம்பே இல்லை. வெளியே வர முக்கியமான வழி, மற்றவர்களைக் காட்டிக் கொடுப்பது. 2011-இல் அங்கே பத்து ஆண்டுகளுக்கு மேலாகக் கிடந்தவர்கள் ஐந்நூறுக்கு மேல். முத்திரை குத்த என்ன ஆதாரம்? பச்சை குத்தியது, வரைந்த படம், வந்த வாழ்த்து அட்டை. ஜார்ஜ் ஜாக்சனின் புத்தகம் கையில் இருந்தாலும் ஆதாரம்தான். ஆசிரியர் எனக்குக் கொடுத்த அந்த ஜெராக்ஸ் கட்டும் அங்கே என்னைத் தனிமைச் சிறைக்கு அனுப்புவதற்கான ஆதாரங்களில் ஒன்றாக இருந்திருக்கும்.

அங்கே ஒரு விசித்திரம் நடந்தது. நான்கு கும்பல்களின் தலைவர்கள் என்று அரசு சொன்னவர்களை ஒரே தாழ்வாரத்தில் அடுத்தடுத்த அறைகளில் வைத்தார்கள். கறுப்பினத்தவர், வெள்ளையர், வடக்கு, தெற்கு மெக்சிக வம்சாவளியினர். முகம் பார்க்க முடியாது. கத்திக் கத்திப் பேசிக்கொண்டார்கள். ஆண்டுக்கணக்கில். 2012 ஆகஸ்டில் நால்வரும் சேர்ந்து, இனி இனங்களுக்குள் சண்டை வேண்டாம் என்று ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். மறு ஆண்டு ஜூலையில் கலிபோர்னியா முழுதும் சுமார் 30,000 கைதிகள் சாப்பாட்டை மறுத்தார்கள். இரண்டு மாதம் போனது அந்தப் போராட்டம். 2015-இல் அரசு வழக்கில் சமாதானத்துக்கு வந்தது. கும்பல் முத்திரையை மட்டும் வைத்துக் காலவரம்பின்றித் தனிமையில் அடைப்பது நின்றது.

இதோடு வியாபாரமும் நின்றது என்று சொன்னால் அது பொய்யாகிவிடும். 2019 ஜூனில் ஆரியன் பிரதர்ஹுட்டைச் சேர்ந்தவர்கள் மீது சாக்ரமெண்டோவில் வழக்கு. சிறைக்குள் திருட்டு செல்போனில் ஹெராயினும் மெத்தும் விற்றது, கொலைகளுக்கு உத்தரவு போட்டது. 2024-இல் நடுவர் குழு அவர்களில் முக்கியமானவர்களைக் குற்றவாளிகள் என்றது. ஏற்கெனவே ஆயுள் தண்டனை அனுபவிப்பவர்களுக்கு இன்னோர் ஆயுள் தண்டனை. அதனால் என்ன ஆகும் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

இவ்வளவும் அமெரிக்கக் கதை. இதை ஏன் இங்கே சொல்கிறேன்?

2024 அக்டோபர் 3 அன்று நம் உச்ச நீதிமன்றம் சுகன்யா சாந்தா வழக்கில் தீர்ப்புச் சொன்னது. சிறைகளில் சாதியைப் பற்றி அவர் எழுதிய செய்திக் கட்டுரையிலிருந்து பிறந்த வழக்கு. சமையலுக்கு ஒரு சாதி, கக்கூஸ் கழுவ ஒரு சாதி என்று சிறைக் கையேடுகளிலேயே எழுதி வைத்திருந்ததை நீதிமன்றம் ரத்து செய்தது. பத்திரிகைகள் அதைத்தான் பெரிதாக எழுதின. அதே தீர்ப்பில் பாளையங்கோட்டை மத்தியச் சிறையும் இருக்கிறது. அங்கே தேவர், நாடார், பள்ளர் என்று தனித்தனிப் பகுதிகளில் அடைத்திருந்த விஷயம். ஏன் அப்படி என்றால், கலந்து அடைத்தால் சாதி மோதல் வரும் என்பதுதான் முன்பு சொல்லப்பட்ட காரணம். அதைச் சென்னை உயர் நீதிமன்றமும் ஏற்றிருந்தது. உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்தது. ஒழுங்கைக் காக்க வேண்டியது சிறை நிர்வாகம், அதற்குச் சாதிப்படி பிரிப்பது வழியல்ல என்றது. கைதிகள் பதிவேட்டில் சாதிக் கட்டத்தையே நீக்கச் சொன்னது.

கலிபோர்னியா சொன்ன அதே காரணம். வார்த்தைக்கு வார்த்தை. நம் நாட்டு மக்கள்தொகையில் நாம் நூற்றுக்குப் பதினாறரை. சிறையில் ஐந்தில் ஒருவருக்கு மேல்.

என் கட்சிக்காரன் ஒருவனைப் பற்றிச் சொல்லி முடித்துக்கொள்கிறேன். ஊரும் சிறையும் வேண்டாம். பத்தொன்பது வயது. கோயில் திருவிழாவில் அடிதடி. கைகலப்பில் இருந்தவர்கள் இருபது பேர், கைதானவர்கள் ஐந்து பேர், ஐந்து பேரும் ஒரே தெரு. பீடிகூடக் குடிக்காத பையன். அவனை உள்ளே எடுத்த அன்றைக்கு, அவன் வார்த்தையில் சொல்கிறேன், “பேரு, அப்பா பேரு கேட்டாங்க சார். அப்புறம் என்ன ஆளுங்கடான்னு கேட்டாங்க. சொன்னேன். அந்தப் பக்கம் போன்னுட்டாங்க.”

அந்தப் பக்கம் போனான். மாற்றுத் துணி இல்லை, சோப்பு இல்லை. ராத்திரி ஒருவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாராம். வயதானவர், கொலை வழக்கு, நம் ஆள். ஒரு சோப்பு, ஒரு பிஸ்கட் பாக்கெட், ஒரு துண்டு. “பயப்படாத தம்பி, நம்ம பசங்க இருக்கோம்.” முப்பத்தெட்டு நாள் அவன் மேல் ஒரு கை படவில்லை. ஜாமீனில் வெளியே வந்து என்னைப் பார்த்தபோது, அந்த அண்ணனைப் பற்றி அவ்வளவு பாசமாகப் பேசினான். எனக்கும் நல்லதாகத்தான் பட்டது. நம் ஆட்கள் நம் பையனைப் பார்த்துக்கொண்டார்கள் என்று. ஒப்புக்கொள்கிறேன், கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

ஏழு மாதம் கழித்து அவன் மறுபடி பிடிபட்டான். இந்த முறை கஞ்சா. அந்த அண்ணன் உள்ளேயிருந்து சொல்லி அனுப்பியிருக்கிறார், ஒரு பையை ஓர் இடத்தில் வாங்கி இன்னோர் இடத்தில் கொடுக்க வேண்டும். “ஏண்டா போன?” என்று திட்டினேன். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். “எப்டி சார் முடியாதுன்னு சொல்றது? அவர்தான சார் அன்னைக்கு சோப்பு குடுத்தாரு.”

அவன் அம்மாவை வாசலில் பார்த்தேன். காலையிலேயே வந்து மனு போட்டுக் காத்திருந்தவர். கையில் மஞ்சள் பை. உள்ளே ஒரு துண்டு, இரண்டு சோப்பு, பிஸ்கட். துண்டை மட்டும் வாங்கிக்கொண்டு மற்றதைத் திருப்பிவிட்டார்களாம். எல்லாம் உள்ளேயே கிடைக்கும் என்று வார்டர் சொல்லியிருக்கிறார்.

“வக்கீல் தம்பி, சோப்பு வாங்க மாட்டேங்கிறாங்களே, புள்ளைக்கு உள்ள யாரு குடுப்பாங்க?” என்று கேட்டார்.

யார் கொடுப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அந்த அம்மாவிடம் சொல்லவில்லை.